பட்டாணி இல்லாத டப்பா

என்னைப் புண்ணியவதின்னு யாராவது சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். சர்ச் சமையல்கூடத்துல வேலை பாக்குறவ எல்லாம் புண்ணியவதியா? நான் அங்க போனது ஊர்ப்பசியைத் தீர்க்க இல்ல. வீட்டை விட்டுப் போன என் வீட்டுக்காரரைத் தேடிப் போனேன். கையைக் கட்டிக்கிட்டு நிக்க முடியாம வெங்காயம் உரிச்சேன். அவ்வளவுதான் என் சேவை.

அவர் அச்சகத்துல மெஷின் ஓட்டினவர். அச்சகத்தை மூடிட்டாங்க. மூடின அப்புறமும் காலையில எழுந்து சட்டைக்கு இஸ்திரி போட்டு, போட்ட சட்டையோட ஜன்னல் பக்கத்து நாற்காலியில உக்காந்துடுவார். கேட்டா பதில் சொல்லுவார், கேக்கலன்னா பேச்சே கிடையாது. ஒரு நாள் காலையில, வாசல் பூட்டு சரியா விழ மாட்டேங்குது, கொஞ்சம் எண்ணெய் வாங்கிட்டு வரேன்னு கிளம்பினார். கிளம்பினவர்தான். அந்தப் பூட்டு இன்னும் விழ மாட்டேங்குது. கதவை முழங்காலால முட்டுக் குடுத்துத் தூக்கித்தான் பூட்டுறேன்.

சண்டை போட்டுட்டுப் போயிருந்தாகூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். நான் பேசினது தப்பு, அவர் பேசினது தப்புன்னு எதையாவது போட்டு மென்னுக்கிட்டு இருந்திருப்பேன். ஒண்ணும் இல்ல. டீ குடிச்சார், டம்ளரைக் கழுவிக் கவுத்தார், போயிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, ஆளாளுக்கு ஒரு கதை கட்டினாங்க. எதிர்வீட்டுக்காரி ஒருத்தி, வேற குடும்பம் இருக்கும்னா. அந்த மனுஷனுக்கு ஒரு குடும்பத்தோட பேசவே வாய் வராது, இன்னொண்ணு வேறயான்னு கேட்டு விட்டேன். அதுக்கப்புறம் அவ என்கிட்ட பேசல. எனக்கும் அதுல நஷ்டம் இல்ல.

அழுகை மட்டும் வரல. பல்லு புடுங்க ஊசி போடுவாங்களே, அப்ப கன்னத்தைத் தொட்டா கன்னம் இருக்குன்னு தெரியும், நம்மளதுன்னு தெரியாது. அப்படித்தான் இருந்தேன். கல்யாணம் ஆகி வெளியூர்ல இருக்குற மக போன் பண்ணுவா. முதல்ல எல்லாம் ஏதாவது தெரிஞ்சுதாம்மான்னு கேட்டா. அப்புறம் கேக்குறதை நிறுத்திட்டு என் முழங்கால் வலியைப் பத்திக் கேக்க ஆரம்பிச்சா. பாவம், அவ மட்டும் என்ன பண்ணுவா. பொட்டு வைக்கிறதா வேண்டாமான்னுகூடத் தெரியாத ஒருத்திகிட்ட முழங்காலைப் பத்தித்தான் கேக்க முடியும்.

போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வரும்போது ஒரு வயசான போலீஸ்காரர்தான் சொன்னார். வீட்டை விட்டுப் போற ஆம்பளை எங்க வேணா படுப்பான்மா, ஆனா என்னைக்காவது ஒரு நாள் சும்மா சோறு போடுற இடத்துக்கு வந்துதான் ஆகணும், சர்ச்சுல போடுறாங்க, அங்க போய்ப் பாருன்னார். எனக்கு சர்ச்சும் தெரியாது, ஜெபமும் தெரியாது. போட்டோவை எடுத்துக்கிட்டுப் போனேன்.

சர்ச்சுக்குப் பின்னாடி தகரக் கூரை போட்ட நீளமான கூடம். ஒரு பக்கம் மேஜையும் பெஞ்சும், ஒரு பக்கம் சமையல். பெரிய அண்டாவுல சூப் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதைத் துடுப்பு மாதிரி ஒரு கரண்டியால கிண்டிக்கிட்டு நின்னவங்களை எல்லாரும் பெரியக்கான்னு கூப்பிட்டாங்க. அங்க அவங்க வச்சதுதான் சட்டம், பாஸ்டரே அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் உப்புப் போடுவார்னு சொல்லிச் சிரிப்பாங்க. நான் போட்டோவை நீட்டினேன். பெரியக்கா கையைத் துடைச்சிட்டு வாங்கிப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. திருப்பிக் குடுத்துட்டு, “தெரியாதும்மா”ன்னாங்க. அப்புறம், “வெங்காயம் உரிக்க ஆள் குறைச்சல். உரிப்பியா?”ன்னு கேட்டாங்க.

உரிச்சேன். வெங்காயம் உரிக்கும்போது கண்ணுல தண்ணி வந்துச்சு. சரி, இங்க வந்தா அதுவாவது வருதேன்னு மறுநாளும் போனேன்.

அன்னைக்கே சாயங்காலம் பெரியக்கா என்னை உக்கார வச்சு ஒரு விதியைச் சொன்னாங்க. அந்தக் கூடத்துல ஒரே விதிதான். இங்க வர்றவங்ககிட்ட பேர் கேக்கக்கூடாது, ஏன் வந்தேன்னு கேக்கக்கூடாது. அவங்களைத் தேடிக்கிட்டு யாராவது வந்தா, தேடுற ஆள் நம்ம முதுகுக்குப் பின்னாடி உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும், தெரியாதுன்னுதான் சொல்லணும். அம்மா வந்தாலும் சரி, கட்டினவ வந்தாலும் சரி. கட்டினவன்னு சொல்லும்போது அவங்க என் மூஞ்சியைப் பாக்கல, நானும் பாக்கல.

இது என்ன கல்நெஞ்சுன்னுதான் எனக்கும் முதல்ல தோணுச்சு. காரணத்தை மேனேஜர் சொன்னார். பேங்குல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவர், இங்க கேரட் வெட்டுவார், ஒவ்வொரு துண்டும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கும், ஒரு கிலோ வெட்டுறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். முன்னாடி ஒரு பொண்ணு முகத்துல காயத்தோட இங்க சாப்பிட வந்துக்கிட்டு இருந்துச்சாம். ஒரு நாள் அதோட புருஷன் வந்து கண்ணீர் விட்டு அழுதானாம். பாவமேன்னு யாரோ ஒருத்தர், அதோ இருக்காளேன்னு காட்டிட்டாங்களாம். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணை யாரும் பாக்கலன்னு சொல்லிட்டு மேனேஜர் கேரட்டைத் தொடர்ந்து வெட்டினார். காட்டினது யாருன்னு நான் கேக்கல. அவர் கை வெட்டுறதைப் பாத்தாலே தெரிஞ்சுது.

மதியம் கூடத்துல சாப்பாடு முடிஞ்சதும் வண்டி கிளம்பும். பழைய பள்ளிக்கூட வேன் அது, சீட்டைக் கழட்டிட்டு உள்ள அலமாரி போட்டிருந்தாங்க. ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசல், ஒரு நாள் பாலத்தடி, இப்படி மாத்தி மாத்திப் போகும். எவர்சில்வர் டப்பாவுல சூப், சின்னக் கரண்டி ஒண்ணு, காகிதத்துல சுத்தின ரொட்டி. அங்கேயே நின்னு, சாப்பிட்ட டப்பாவைத் திருப்பி வாங்கிட்டு வருவாங்க. நடக்க முடியாதவங்களுக்கு வீட்டு வாசல்லயே குடுக்குறது தனி. சனிக்கிழமை முடி வெட்டுவாங்க. ரிட்டயர் ஆன நர்ஸ் ஒருத்தங்க காலுக்கு மருந்து போட்டுக் கட்டுவாங்க, கட்டும்போது வாய் ஓயாம திட்டுவாங்க, அந்தத் திட்டுக்குன்னே வர்ற ஆளுங்க இருந்தாங்க. குளிர் ஆரம்பிச்சா போர்வை சேப்பாங்க. அப்பப்ப ஏதாவது காலேஜ் பிள்ளைங்க கூட்டமா வந்து, கரண்டியைப் பிடிச்சு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு, கரண்டியை வச்ச இடத்துலயே விட்டுட்டுப் போயிடும்.

டப்பா எல்லாம் ஒரே மாதிரி இருக்குறதால அடையாளத்துக்கு ரப்பர் பேண்டு போடுவோம். சிவப்புன்னா உப்பில்லாதது. பச்சைன்னா பல்லு இல்லாதவங்களுக்கு மசிச்சது. எதுவும் போடலன்னா எல்லாம் போட்டதுன்னு அர்த்தம். எல்லாம்னா முக்கியமா பட்டாணி. உறைய வச்ச சாமான் விக்கிற ஐஸ்பெட்டிக் கடைக்காரர் ஒருத்தர் தேதி முடியப் போற பட்டாணியை மூட்டை மூட்டையா அனுப்பிடுவார். கேரட் இல்லாத நாள் உண்டு, ரொட்டி பத்தாத நாள் உண்டு, பட்டாணி இல்லாத நாள் அந்த அண்டாவுக்குக் கிடையாது.

நான் ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டியில போயிருக்கேன். போற இடமெல்லாம் மூஞ்சி மூஞ்சியாத்தான் பாப்பேன். பாலத்தடிக்கு மட்டும் என்னை விட்டதே இல்ல. அந்த நாள் பாத்து பெரியக்கா எனக்கு ஒரு வேலை வச்சிருப்பாங்க. அண்டா தேய்க்கணும், அரிசி புடைக்கணும், நர்ஸம்மாவுக்குத் துணி கிழிச்சுக் குடுக்கணும். கூறு கெட்டவ நான், எதேச்சைன்னு நினைச்சேன்.

அப்பதான் ஒருத்தி வந்தா. என்னைவிடச் சின்னவ, ஏதோ ஆபீஸ் வேலை பாக்குறவ போல, கழுத்துல அடையாள அட்டையைக்கூடக் கழட்டாம வந்திருந்தா. அண்ணனைக் காணோம்னு போன்ல போட்டோவைக் காட்டினா. பாத்ததும் தெரிஞ்சுது. ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்கிற ஷெட்டு ஓரமா உக்காந்து சாப்பிடுற ஆளு. வெயிலோ மழையோ குடையை விட மாட்டார், நாங்க குடைக்காரர்னுதான் சொல்லுவோம். முந்தின நாள்கூட என் கையாலதான் டப்பா வாங்கினார்.

பெரியக்கா அண்டாகிட்ட இருந்து எங்களைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான், “தெரியாதும்மா”ன்னேன்.

அவ இன்னொரு போட்டோவைக் காட்டினா. அதுக்கும் தெரியாதுன்னேன். வேற யார்கிட்டயாவது கேக்கட்டுமான்னா. எல்லாரும் இதையேதான் சொல்லுவாங்கன்னேன். போனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டா. நானும் அவளும் ஒரே ஓடத்துல இருக்கோம், அவளைத் துடுப்பால தட்டி விட்டது நானேதான். அப்பவும் எனக்கு உள்ள ஒண்ணும் ஆகல. திரும்பி வந்து மிச்ச வெங்காயத்தை உரிச்சேன். எனக்கே என்னைப் பாத்தா பயமா இருந்துச்சு.

அடுத்த வாரம் பெரியக்கா என் கையில இருந்து கத்தியை வாங்கி வச்சிட்டு, இனிமே நீ பாத்திரம் கழுவுன்னாங்க. வண்டியில வர்ற டப்பா எல்லாத்தையும். எனக்கு மூக்குக்கு மேல கோபம் வந்துச்சு. வெங்காயத்துல இருந்து எச்சில் பாத்திரத்துக்கா? இது என்ன பதவி உயர்வான்னு கேட்டேன். அவங்க சிரிக்கல. ஒவ்வொரு டப்பாவையும் தொறந்து பாத்துக் கழுவு, மூடியையும் சேத்துப் பாருன்னு மட்டும் சொன்னாங்க.

கழுவுறவளுக்குத்தான் தெரியும், எச்சில் பாத்திரம் எவ்வளவு பேசும்னு. ஒருத்தர் நக்கித் துடைச்சு வச்சிருப்பார். ஒருத்தர் ரொட்டியோட ஓரத்தை மட்டும் பிச்சுப் போட்டிருப்பார். ஆஸ்பத்திரி வாசல் டப்பாவுல ஒண்ணு வரும், ரொட்டி சுத்தின காகிதத்தைத் தபால்தலை அளவுக்கு மடிச்சு மடிச்சு மூடிக்கு அடியில சொருகி இருக்கும். அது குடைக்காரரோடதுன்னு எனக்குத் தெரியும். மத்ததெல்லாம் யாரோ. பேர் தெரியாத ஆளுங்களோட எச்சிலைக் கழுவுறதுல ஒரு நிம்மதி இருந்துச்சு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

பாலத்தடியில இருந்து டப்பா வந்த அன்னைக்கு, பாதி கழுவி இருப்பேன். ஒரு டப்பாவைத் தொறந்தேன். உள்ள சுத்தமா காலி. மூடியைத் திருப்பினா, மூடிக்குள்ள ஓரத்தைச் சுத்தி வரிசையா பட்டாணி. காஞ்ச சூப்புல ஒட்டி, ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு, ஒண்ணுகூட நசுங்காம. ஒரு இடத்துல மட்டும் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில விளிம்போட சொருகின கரண்டி.

எங்க வீட்டுல அதுக்குப் பேரு வேலி. அவருக்குப் பட்டாணி ஆகாது. வேண்டாம்னு சொல்ல மாட்டார், தட்டோட ஓரத்துல ஒவ்வொண்ணா ஒதுக்கி வரிசை கட்டுவார். என்ன, தோட்டத்துக்கு வேலி போடுறீங்களான்னு நான் கேப்பேன். மக சின்னவளா இருக்கும்போது, வேலி போட்டா உள்ள எப்படிப்பா போறதுன்னு கேட்டா. அன்னையில இருந்து ஒரு இடம் விட்டு வைப்பார். அதுதான் வாசலாம். அந்த வாசல்ல கரண்டியை வச்சாத்தான் அவருக்குச் சாப்பிட்டு முடிஞ்ச மாதிரி.

நான் அந்த மூடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். குழாயை மூடக்கூடத் தோணல, தொட்டி நிறைஞ்சு தண்ணி காலை நனைச்சுது. உசுரோட இருக்கார். சாப்பிடுறார். பட்டாணி இன்னும் பிடிக்கல. மூணும் ஒண்ணு மாத்தி ஒண்ணு மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருந்துச்சு. சந்தோஷமான்னு கேட்டா, சந்தோஷம்தான். அழணும் போல இருந்துச்சு. வரல.

மூடியோட போய் பெரியக்கா முன்னாடி நின்னேன். பாலத்தடியில எங்க வீட்டுக்காரர் சாப்பிடுறாரான்னு கேட்டேன். அவங்க மூடியைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க.

“தெரியாதும்மா”ன்னாங்க.

நான் அந்தக் குடைக்காரர் தங்கச்சிகிட்ட சொன்னேனே, அச்சு அசல் அதே குரல். அந்தக் குரலை உடைக்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? நானே அப்படித்தானே நின்னேன். ஓங்கி அறையலாம் போல இருந்துச்சு. அவங்க கிண்டுறதை நிறுத்தாம, குரலைக் கொஞ்சம் இறக்கி, “நாளைக்கும் நீயே கழுவு”ன்னாங்க.

அப்பதான் உறைச்சுது. போட்டோவைப் பாத்த அன்னைக்கே அவங்களுக்குத் தெரியும். அவர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்கார், அவங்க வாக்குக் குடுத்திருக்காங்க. வாக்கையும் மீறாம, என்னையும் தவிக்க விடாம, கொண்டு வந்து இந்தத் தொட்டிகிட்ட நிறுத்தி இருக்காங்க. வாயால சொல்லாததை எச்சில் டப்பாவால சொல்லி இருக்காங்க. அறையத் துடிச்ச கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம, போய் மிச்ச டப்பாவைக் கழுவினேன்.

அதுக்கப்புறம் எனக்கு ஒரு குடும்பம் நடந்துச்சு. சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். பாலத்தடிக்கு வண்டி போற நாள்ல காலையிலேயே குளிச்சிட்டுப் போயிடுவேன். சூப்புல காரம் அதிகமா ஆயிடாம பாத்துக்குவேன். வண்டி திரும்பினதும் டப்பாவை எல்லாம் தொட்டியில கவுத்து, வேலி வந்திருக்கான்னு தேடுவேன். வந்திருக்கும். ஒரு நாள் பாதி சூப் மிச்சம் இருந்துச்சு, காய்ச்சலோன்னு ரெண்டு நாள் கிடந்து தவிச்சேன். அடுத்த தடவை காலியா வந்துச்சு. நான் கட்டின மனுஷன் சௌக்கியமா இல்லையான்னு எனக்கு ஒரு மூடி சொல்லிடும். அச்சகம் மூடின அப்புறம் அவரே என்கிட்ட இவ்வளவு சொன்னதில்ல. மககிட்டகூட மூச்சு விடல. விட்டா அடுத்த பஸ் பிடிச்சுப் பாலத்தடிக்குப் போய் நின்னுடுவா.

எனக்கு மட்டும் போகத் தோணலையா? ரெண்டு தடவை பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். வேண்டாம்னு ஒரு ஆள் சொன்னப்புறம் போய் நின்னா, மேனேஜர் சொன்ன அந்த அழுத புருஷனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? திரும்பி வந்துட்டேன்.

அப்படியே விட்டிருக்கலாம். விட்டிருந்தா இன்னைக்கும் வேலி வந்துக்கிட்டு இருக்கும். பொம்பளை மனசு சும்மா இருக்குமா? ஒவ்வொரு தடவையும் அந்தப் பட்டாணியைத் தள்ளித் தள்ளி, குளிர்ல விரல் விறைச்சுப் போய், ஆறின சூப்பைக் குடிக்கிறாரேன்னு இருந்துச்சு. வீட்டுல இருந்தா வேலி கட்டட்டும், வேடிக்கையா இருக்கும். பாலத்தடியில எதுக்கு? ஒரு நாள் காலையில ஒரு டப்பாவுக்கு மட்டும் சூப்பைத் தனியா எடுத்து, பட்டாணியை ஒண்ணு விடாம பொறுக்கினேன். அதுக்குப் பதிலா நாலு கேரட் துண்டு சேத்துப் போட்டேன். மூடியைப் போட்டு, மஞ்ச ரப்பர் பேண்டு ஒண்ணைத் தேடி எடுத்து மாட்டினேன்.

வண்டி ஓட்டுற அண்ணன் அதைப் பாத்துட்டு, சிவப்பு தெரியும், பச்சை தெரியும், இது என்னம்மா மஞ்சன்னு கேட்டார். பட்டாணி இல்லாததுன்னேன். யாருக்குன்னு கேக்கல. பாலத்தடியில டப்பாவைத் திருப்பி வாங்குறவர் அவர்தானே, பட்டாணி ஒதுக்குறது யாருன்னு அவருக்குத் தெரியும்.

“பெரியக்காவுக்குத் தெரியுமா?”ன்னார்.

நான் பேர் கேக்கல, யார்கிட்டயும் சொல்லல, அங்க வரவும் இல்ல, இதுல என்னண்ணே விதி மீறல்னு கேட்டேன். அவர் தலையைச் சொறிஞ்சிட்டு, டப்பாவை அலமாரியில மத்ததோட சேக்காம தனியா வச்சார்.

அன்னைக்கு மதியம் எனக்குக் கல்யாணப் பொண்ணு மாதிரி படபடப்பு. நர்ஸம்மா என்னைப் பாத்து, என்னடி மூஞ்சியில லைட்டு எரியுதுன்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்லன்னேன். காலியான டப்பாவும், பட்டாணி இல்லாத வெறும் மூடியும் திரும்பி வர்றதை நினைச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். கரண்டியை எங்க வச்சிருப்பார்னு யோசிச்சேன்.

வண்டி வந்துச்சு. அண்ணன் எப்பவும் டப்பாக் கூடையை இறக்கி வச்சிட்டு டீ குடிக்கப் போயிடுவார். அன்னைக்கு இறங்கினவர் மஞ்ச ரப்பர் பேண்டு போட்ட டப்பாவைக் கையிலேயே கொண்டு வந்து என்கிட்ட குடுத்தார். கனமா இருந்துச்சு. தொறக்காமலே தெரிஞ்சுது.

அண்ணன் நடந்ததை அப்படியே சொன்னார். எதையும் கூட்டல, குறைக்கல. டப்பாவை வாங்கினாராம். எப்பவும் உக்காருற தூண் பக்கத்துல போய் உக்காந்து மூடியைத் தொறந்தாராம். கரண்டியை விட்டுக் கிண்டினாராம். மறுபடியும் கிண்டினாராம், அடி வரைக்கும். அப்புறம் கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தாராம். மூடியைப் போட்டு, ரப்பர் பேண்டையும் திரும்ப மாட்டி, எழுந்து வண்டிகிட்ட வந்து உள்ள எட்டிப் பாத்தாராம். முன் சீட்டு, பின்பக்கம், அலமாரிக்கு அந்தப் பக்கம்.

“இதைப் போட்டது யாருன்னு என்கிட்ட கேட்டார்மா”ன்னார் அண்ணன்.

நீங்க என்ன சொன்னீங்கன்னேன்.

“தெரியாதுன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?”

அப்புறம் டப்பாவை வண்டிப் படியில வச்சிட்டு, போர்வையை மடிச்சுப் பையில திணிச்சுக்கிட்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்து போயிட்டாராம். திரும்பிப் பாக்கலையாம்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காப் போச்சு. நான் பேரைக் கேக்கல, வாயைத் தொறக்கல. ஆனா உலகத்துல ஒரே ஒருத்திதான் அவருக்குப் பட்டாணி பொறுக்கிப் போடுவா. அந்த டப்பாவைத் தொறந்ததும் நான் அவர் முன்னாடி போய் நின்ன மாதிரிதானே? அது மட்டும் இல்ல, யாருன்னு கேட்டாரே, அது எதுக்கு? ஓடுறதுக்கு முன்னாடி உறுதி பண்ணிக்கவா? இல்ல, அவதான், கூடத்துலதான் இருக்கா, ஏறுங்கன்னு சொல்லி இருந்தா ஏறி இருப்பாரா? அண்ணனைக் குத்தம் சொல்ல மாட்டேன். நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லி இருப்பேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எனக்குச் சாகுற வரைக்கும் கிடைக்காது.

தொட்டி ஓரத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து அந்தச் சூப்பை நானே குடிச்சேன். கொட்ட மனசு வரல. ஆறிப் போயிருந்துச்சு. பட்டாணி இல்லாம அது அவ்வளவு நல்லாவும் இல்ல. குடிச்சு முடிச்சு, டப்பாவைக் கழுவிக் கவுத்தேன், ரப்பர் பேண்டைக் குப்பையில போட்டேன்.

பெரியக்கா திட்டுவாங்கன்னு நினைச்சேன். அண்ணன் சொல்லி இருப்பார். அவங்க வந்து எனக்குப் பக்கத்துல நின்னு, கழுவின டப்பாவை எல்லாம் ஒண்ணொண்ணா துணியால துடைச்சு அடுக்கினாங்க. அது அவங்க வேலை இல்ல. கடைசி டப்பாவைத் துடைச்சிட்டு, நாளைக்கும் நீயே கழுவுன்னாங்க.

கழுவுறேன். பாலத்தடி டப்பா வந்தா இன்னும் முதல்ல மூடியைத்தான் திருப்பிப் பாக்குறேன். சில மூடியில பட்டாணி ஒட்டி இருக்கும், யாரோ அள்ளி ஒதுக்கினது. வேலி இல்ல. வேற ஊர்ல வேற வண்டி இருக்கும், வேற யாராவது கழுவுவாங்க, வித்தியாசமா பட்டாணியை அடுக்கி இருக்கானேன்னு நினைச்சிருப்பாங்க. மக போன் பண்ணா முழங்கால் பரவாயில்லன்னு சொல்றேன். மறுபடியும் அந்த ஊசி போட்ட கன்னம் மாதிரிதான் இருக்கு. பழகிடுச்சு.

போன வாரம் குடைக்காரர் தங்கச்சி திரும்பவும் வந்தா. இளைச்சுப் போயிருந்தா. அதே போன், அதே போட்டோ. பெரியக்கா உள்ள அரிசி அளந்துக்கிட்டு இருந்தாங்க, அவங்களைக் கூப்பிடவான்னு மேனேஜர் கேட்டார். வேண்டாம்னு சொல்லிட்டு, கையைத் துடைச்சு, போனை வாங்கிப் பாத்தேன். ரொம்ப நேரம் பாத்தேன்.

“தெரியாதும்மா”ன்னேன். அவ முகம் விழுந்துச்சு. போனைத் திருப்பிக் குடுத்துட்டு, “பாத்திரம் கழுவ ஆள் குறைச்சல். கழுவுறியா?”ன்னு கேட்டேன்.

இவளுக்குப் பைத்தியமான்னு பாக்குற மாதிரி என்னைப் பாத்தா. அப்புறம் என்ன நினைச்சாளோ, பையைப் பெஞ்சுல வச்சிட்டு, அடையாள அட்டையைக் கழட்டி அதுக்குள்ள போட்டு, சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு வந்தா. ஆஸ்பத்திரி வாசல் கூடையை அவ முன்னாடி இழுத்து வச்சேன். குழாயைத் தொறந்து விட்டேன்.

“ஒவ்வொரு டப்பாவையும் தொறந்து பாரு, மூடிக்கு அடியிலயும் பாரு”ன்னேன். “எதைப் பாத்தாலும் பாத்துட்டுக் கழுவிடு. மறுநாள் எதையும் மாத்தி வைக்காத.”

சரின்னா. நான் சொன்னது அவளுக்கு விளங்கல. முதல் டப்பாவை எடுத்து மூடியைத் தொறந்தா.